முழவு முன்வந்த வரலாறு

இசையரங்கில் முதலிடம் குரலுக்கு உரியது. அடுத்த இடம் நரம்புக் கருவிக்கும் துளைக்கருவிக்கும் உரியது. தாளக்கருவியோ இவற்றின் பக்கத்தில் அமர்ந்து இவற்றைத் தாங்கி நிற்பது. 'பக்கவாத்தியம்' என்னும் பெயரே அதன் தகுதியைச் சொல்லிவிடுகிறது. கருநாடக இசைக் கச்சேரியில் மிருதங்கம் பக்கவாத்தியம் எனப்படும். கடமும் கஞ்சிராவும் முகர்சிங்கும் 'உபபக்கவாத்தியம்' எனப்பட்டு அதற்கும் ஒருபடி பின்னே அமரும். தனியாவர்த்தனம் தொடங்கியதும் அவையோரில் சிலர் எழுந்து வெளியே போவதை நாம் கண்டிருக்கிறோம். பாட்டு நின்றுவிட்டது, இனிக் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்தம் எண்ணம் போலும்.

மேலைநாட்டு ராக் இசையிலும் இதே நிலையைக் காணலாம். பாடுபவரும் கித்தார் வாசிப்பவரும் மேடையின் முன்னே நிற்பர். டிரம்ஸ் வாசிப்பவர் பின்னே அமர்ந்திருப்பார். இந்த ஒழுங்கை மாற்ற ஓர் அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் முயன்றார். தாம் சார்ந்திருந்த புகழ்மிக்க குழுவுக்குப் புறம்பாகத் தாளக்கருவிகளை மட்டுமே கொண்ட மற்றொரு குழுவை அவர் வளர்த்தார். அம்முயற்சியில் இந்திய ஆசான் ஒருவரிடம் கற்ற பாடமும், நைஜீரிய நாட்டு முழவும், தமிழகத்து மண்குடமும் வந்து கலந்தன. அக்குழுவின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குழுவும் கலைஞரும்

'கிரேட்ஃபுல் டெட்' என்னும் ராக் இசைக்குழு 1965ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தோன்றியது. ஜெர்ரி கார்சியா, பாப் வீர், ஃபில் லெஷ், பில் குரூட்ஸ்மன் முதலியோர் அதன் தொடக்ககால உறுப்பினர்கள். எழுதி வைத்ததை எழுதியவாறே இசைக்காமல், மேடையிலேயே இசையை விரித்துக்கொண்டு செல்வது அவர்தம் தனித்தன்மை. நம் இசைமரபில் இதனை மனோதர்மம் என்போம்.

1967ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் இக்குழுவின் இரண்டாவது டிரம்ஸ் கலைஞராக மிக்கி ஹார்ட் சேர்ந்தார். 1943இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்த அவர், பெற்றோர் இருவரும் முழவுக்கலை பயின்ற குடும்பத்தில் வளர்ந்தவர். குழுவில் முன்பே இருந்த குரூட்ஸ்மன் இயல்பான தாள ஓட்டத்தில் வல்லவர். ஹார்ட்டோ அடிகளை எண்ணிப் பிரித்துப் பொருத்தும் கணக்கில் பேரார்வம் கொண்டவர். இருவர் சேர்ந்து ஒரே பாட்டுக்கு டிரம்ஸ் வாசிப்பது அன்று ராக் இசையில் அரிதாக இருந்தது.

ஆசான் கிடைத்தார்

அதே 1967ஆம் ஆண்டு ஹார்ட்டின் வாழ்வில் மற்றொரு வகையிலும் சிறப்புடையது. சித்தார் மேதை ரவி சங்கருடன் அமெரிக்காவில் இசைப்பயணம் செய்துகொண்டிருந்த தபேலா வித்துவான் அல்லா ரக்காவை அவர் அவ்வாண்டில் சந்தித்தார். தாம் எட்டடி, நான்கடிக்குள் உழன்றுகொண்டிருக்கையில், இம்மனிதர் எத்தனை அடிகளையும் எந்த அளவுக்குள்ளும் அடக்கிக் காட்டுகிறாரே என்று அவர் வியந்தார். அந்த வியப்போடு அவர் நின்றுவிடவில்லை. தம்மை மாணவராக ஆக்கிக்கொண்டார்.

இதன் பயன் விரைவிலேயே வெளிப்பட்டது. கிரேட்ஃபுல் டெட் குழுவின் 'தி இலெவன்' என்னும் பாட்டு பதினோர் அடி கொண்ட தாளத்தில் அமைந்தது. ஹார்ட் ஆக்கிய 'தி மெயின் டென்' என்னும் இசைக்கூறு பத்தடித் தாளத்தில் அமைந்து, பின்னர் 'பிளேயிங் இன் தி பேண்ட்' என்னும் புகழ்பெற்ற பாட்டாக விரிந்தது. நாலடிக்கே பழகிய ராக் இசைக்கு இவ்வளவைகள் புதியவை. திசிரம், சதுசிரம், கண்டம், மிசிரம், சங்கீர்ணம் என மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது ஆகிய ஐவகைக் கணக்கையும் இளமையிலேயே பயிலும் நம்மவர்க்கு இதில் வியப்பொன்றும் இராது. ஆயினும், ஆயிரக்கணக்கான இளைஞர் ஆடிக் களிக்கும் அரங்கில் பதினோரடித் தாளத்தை ஒலிக்கச் செய்தது எளிய செயலன்று.

விலகலும் புதிய தொடக்கமும்

1970ஆம் ஆண்டில் இக்குழுவிற்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. குழுவின் மேலாளராக இருந்தவர் ஹார்ட்டின் தந்தை லென்னி ஹார்ட். அவர் குழுவின் பெருந்தொகையைக் கையாடிவிட்டுத் தலைமறைவானார். மகன் மீது குழுவினர் குற்றம் சுமத்தவில்லை. எனினும் அந்த வெட்கத்தைத் தாங்க இயலாத ஹார்ட், 1971ஆம் ஆண்டு பிப்ரவரியில் குழுவைவிட்டு விலகினார். 1974 அக்டோபரில்தான் மீண்டும் அவர்களோடு மேடை ஏறினார்.

இடைப்பட்ட ஆண்டுகள் வீணாகவில்லை. சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள நொவாட்டோவில் ஒரு பண்ணையில் தங்கிய ஹார்ட், அங்கிருந்த களஞ்சியக் கொட்டகையை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினார். 1972இல் 'ரோலிங் தண்டர்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். அதில் அல்லா ரக்காவும் அவர்தம் மகன் ஜாகிர் உசேனும் பங்கேற்றனர்.

ஜாகிர் உசேன் 1951இல் பம்பாயில் பிறந்தவர். 1970இல் அமெரிக்கா சென்றவர். சரோது மேதை அலி அக்பர் கான் கலிபோர்னியாவில் நிறுவிய இசைக்கல்லூரியில் அவர் தபேலா கற்பித்தார். அங்குப் பயின்ற மாணவர்களைச் சேர்த்து 'தால் வாத்ய ரிதம் பேண்ட்' என்னும் தாளவாத்தியக் குழுவை அமைத்தார். ஹார்ட் அதில் இணைந்தபின் அது 'திகா ரிதம் பேண்ட்' எனப் பெயர் மாறியது. ஹார்ட் வளர்த்த புறக்குழுவின் வேர் இதுவே. அவ்வேர் ஒரு வகுப்பறையில் ஊன்றியது என்பது ஆசிரியப் பெருமக்கள் கருதத்தக்க செய்தியாகும்.

'திகா' இசைத்தட்டு

1976ஆம் ஆண்டில் 'திகா' என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. தபேலா, மேலைநாட்டு டிரம்ஸ், மரத்தாலும் உலோகத்தாலும் ஆன தட்டுக்கருவிகள் எனப் பதினொருவர் சேர்ந்து இசைத்த தொகுப்பு அது. அதிலுள்ள 'சுவீட் சிக்ஸ்டீன்', 'மேக்னிஃபிசென்ட் செவன்ஸ்' என்னும் தலைப்புகளே பதினாறு, ஏழு என்னும் தாள அளவுகளைச் சுட்டுகின்றன. 'தால் மாலா' என்றால் தாளமாலை. வடநாட்டுத் தாளமுறை அடித்தளமாகவும், பிற நாட்டுக் கருவிகள் அதன்மேல் எழுந்த மாடங்களாகவும் அமைந்தன எனலாம்.

கார்சியா இரண்டு இசைக்கூறுகளில் மட்டும் கித்தார் வாசித்தார். கிரேட்ஃபுல் டெட் மேடையின் நடுநாயகமாக விளங்கிய கார்சியா, இத்தட்டில் முழவுகளுக்குத் துணையிருந்தார். அதுவரை துணையிருந்தவை அவரது கித்தாருக்கு முன்னே நின்றன. 'ஹேப்பினெஸ் இஸ் டிரம்மிங்' என்னும் கூறு பின்னர்ச் சொற்கள் பெற்று 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' என்னும் பாட்டாகி, 1978இல் கிரேட்ஃபுல் டெட் வெளியிட்ட 'ஷேக்டவுன் ஸ்ட்ரீட்' தொகுப்பில் இடம்பெற்றது. இவ்வாறு புறக்குழுவில் பிறந்த இசை தாய்க்குழுவை வளப்படுத்தியது.

தாய்க்குழுவின் நிகழ்ச்சியிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1978 முதற்கொண்டு ஒவ்வோர் இரவும் இரண்டாம் பகுதியின் நடுவே மற்றவர் மேடையைவிட்டு நீங்க, ஹார்ட்டும் குரூட்ஸ்மனும் மட்டும் முழவுகளை இசைக்கும் பகுதி நிலைபெற்றது. நம் தனியாவர்த்தனத்தோடு இதனை ஒப்பிடலாம். இசைக்கு இடைவேளை வந்துவிட்டதாக எண்ணி வெளியே செல்வோர் அங்கும் இருந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

பிரான்சிஸ் போர்ட் கொப்போலா வியட்நாம் போரைக் களமாகக்கொண்டு 'அபோகலிப்ஸ் நவ்' என்னும் திரைப்படத்தை இயக்கினார். அதற்குத் தாள ஒலி அமைக்கும் பணியை ஹார்ட்டிடம் ஒப்படைத்தார். ஹார்ட்டும் குரூட்ஸ்மனும் பிரேசில் நாட்டுக் கலைஞர் ஏர்டோ மொரெய்ராவும் பாடகி ஃபுளோரா பூரிமும் இதில் ஈடுபட்டனர். படம் 1979இல் திரைக்கு வந்தது. 'ரிதம் டெவில்ஸ்' என்ற பெயரில் இவ்விசை 1980இல் தட்டாக வெளிவந்தது. இந்நட்பே அடுத்த குழுவுக்குப் பாலமாயிற்று.

'பிளானட் டிரம்'

1991ஆம் ஆண்டில் ஹார்ட்டின் நெடுநாள் முயற்சி முழுவடிவம் பெற்றது. 'பிளானட் டிரம்' என்று அவர் பெயரிட்டார். உலகமே ஒரு முழவு என்பது அதன் கருத்து. அதே பெயரில் ஒரு நூலும் ஓர் இசைத்தொகுப்பும் அவ்வாண்டில் வெளிவந்தன. இசைத்தொகுப்பில் கித்தார் முன்னிற்கவில்லை. முழவுகளும் மனிதக் குரலுமே அதன் உயிர்.

பங்கேற்றோரை நோக்கின் குழுவின் பரப்பு விளங்கும். ஜாகிர் உசேன் தபேலா. நைஜீரியாவில் பிறந்து, கல்வி கற்க 1950இல் அமெரிக்கா சென்று, 'டிரம்ஸ் ஆஃப் பேஷன்' என்னும் இசைத்தட்டால் ஆப்பிரிக்க முழவொலியை அந்நாட்டு வீடுகளுக்குள் கொண்டுசென்ற பாபதுண்டே ஒலதுன்ஜி மற்றொருவர். அவரது நாட்டினரே ஆன சிக்கிரு அதேபோஜு 'பேசும் முழவு' வாசிப்பவர். ஏர்டோவும் ஃபுளோராவும் பிரேசில் நாட்டவர். இவர்களோடு அமர்ந்தவர் தமிழகத்தின் கட வித்துவான் 'விக்கு' விநாயக்ராம்.

பேசும் முழவைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். இடை சிறுத்த அம்முழவின் வார்களைக் கக்கத்தில் இடுக்கி அழுத்தினால் தோல் இறுகி ஒலி உயரும், தளர்த்தினால் தாழும். யொருபா மொழியில் ஒலியின் ஏற்ற இறக்கம் சொல்லின் பொருளையே மாற்றும். ஆதலின் அம்மொழியின் சொற்றொடரை முழவு அவ்வாறே ஒலித்துக்காட்ட வல்லது. நம் நாட்டு முறையோ வேறு வகையில் மொழியோடு உறவுடையது. தபேலாவாயினும் மிருதங்கமாயினும், மாணவர் முதலில் வாயால் சொற்கட்டைச் சொல்லிப் பழகிப் பின்னரே கையால் வாசிப்பர். தென்னாட்டில் அவ்வாய்ச்சொல்லே கொன்னக்கோல் என்னும் தனிக்கலையாக வளர்ந்தது. அங்கே முழவு மொழியைப் பேசுகிறது. இங்கே நாவு முழவைப் பேசுகிறது. இவ்விரு மரபினரும் ஒரே அவையில் அமர்ந்ததே பிளானட் டிரம் குழுவின் அருமை.

மண்குடத்தின் பெருமை

விநாயக்ராம் 1942இல் பிறந்தவர். அவர்தம் தந்தை ஹரிஹர சர்மா சென்னையில் ஜெயகணேஷ் தாளவாத்திய வித்யாலயா என்னும் பள்ளியை நிறுவியவர். எம்.எஸ். சுப்புலட்சுமி 1966இல் அமெரிக்கா சென்று பாடியபோது கடம் வாசித்தவர் விநாயக்ராமே. 1970களில் ஜான் மெக்லாலின், எல். சங்கர், ஜாகிர் உசேன் ஆகியோருடன் 'சக்தி' குழுவில் அவர் இசைத்தார். ஆகவே, அவரை மேலைநாட்டார் புதிதாகக் கண்டெடுத்தனர் என்று கூறுதல் பொருந்தாது. உபபக்கவாத்தியத்தின் வரம்பை அவர் முன்னமே கடந்திருந்தார். வேறுவேறு சுருதி கொண்ட பல கடங்களை முன்னே வைத்து வாசித்தும், வாசிக்கும்போதே குடத்தை மேலே எறிந்து பிடித்தும் அவையை அவர் ஈர்த்தார்.

கடம் தோலற்றது, நரம்பற்றது. குளத்து மண்ணைப் பதமாக்கி, வனைந்து, தட்டித் தட்டிச் சுவரை ஒப்புரவாக்கிச் சூளையில் சுட்ட குடம் அது. சிவகங்கை மாவட்டத்து மானாமதுரை இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். மிருதங்கத்தைப் போலக் கடத்தைச் சுருதிக்கு ஏற்ப இறுக்கவோ தளர்த்தவோ இயலாது. சூளையிலிருந்து வெளிவந்தபோது அமைந்த சுருதியே அதன் சுருதி. எனவேதான் ஒருவர் பல குடங்களை வைத்துக்கொள்ள நேர்கிறது. மானாமதுரைக் கடத்திற்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

பிளானட் டிரம் தொகுப்பின் முதற்கூற்றின் பெயர் 'உடு சான்ட்' என்பது. உடு என்பது நைஜீரியாவில் இக்போ இனத்து மகளிர் வழிவழியாக வாசித்துவரும் மண்குடம். தண்ணீர்க் குடத்தின் விலாவில் மற்றொரு துளையிட்டு, அத்துளையைக் கையால் மூடியும் திறந்தும் ஒலி எழுப்புவர். கடலால் பிரிந்த இரு நிலத்தார், ஒருவரை ஒருவர் அறியாமலே, நீர் முகந்த குடத்தில் இசையைக் கண்டனர். அவ்விரு குடங்களின் பெயரும் ஒரே இசைத்தொகுப்பைச் சார்ந்து நிற்கின்றன.

கிராமி விருதுகளில் உலக இசைத் தொகுப்பிற்கெனத் தனிப்பிரிவு முதன்முறையாக ஏற்படுத்தப்பட்டபோது, 1992ஆம் ஆண்டு விழாவில் அவ்விருதைப் பெற்றது பிளானட் டிரம். கச்சேரி மேடையில் கடைசி இடத்தில் வைத்து எண்ணப்பட்ட மண்குடம், அம்முதல் விருதில் பங்குகொண்டது.

பெயர் யாருக்கு உரியது?

இங்கே ஒரு வினா எழுகிறது. இந்தியரும் ஆப்பிரிக்கரும் பிரேசில் நாட்டவரும் தத்தம் முன்னோரிடமிருந்து பெற்ற செல்வத்தைக் கொண்டுவந்தனர். 1991ஆம் ஆண்டுத் தொகுப்போ 'மிக்கி ஹார்ட்' என்ற ஒரு பெயரிலேயே வெளிவந்தது. ராக் இசையால் அவர் பெற்ற புகழும் பொருளுமே இக்குழுவை உருவாக்கத் துணைநின்றன என்பது உண்மை. அப்புகழ் இல்லையேல் இத்தொகுப்பு இத்துணைப் பேரைச் சென்றடைந்திருக்காது என்பதும் உண்மை. ஆயினும், பின்னிருப்பவரை முன்னே கொணர்வதே நோக்கமாயின், அட்டையில் ஒருவர் பெயர் மட்டும் முன்னிற்பது முறையாகுமா?

இவ்வினாவிற்குக் குழுவின் பிற்கால வரலாறே விடை கூறுகிறது. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டில் கார்சியா மறைந்தார். கிரேட்ஃபுல் டெட் குழுவும் அவரோடு முடிவுற்றது. புறக்குழுவோ தொடர்ந்தது. 1998இல் 'சூப்ராலிங்குவா' வெளிவந்தபோது, அட்டையில் 'மிக்கி ஹார்ட்டும் பிளானட் டிரம்மும்' என்று குழுவின் பெயரும் சேர்ந்தது. 2007இல் வெளிவந்த 'குளோபல் டிரம் புராஜெக்ட்' மிக்கி ஹார்ட், ஜாகிர் உசேன், சிக்கிரு அதேபோஜு, போர்ட்டோ ரிக்கோவின் கொங்கா கலைஞர் ஜியோவனி ஹிடால்கோ ஆகிய நால்வர் பெயரையும் தாங்கியது. அதற்கு 2009இல் கிடைத்த கிராமி விருதும் நால்வருக்கும் உரியதாயிற்று. 2022இல் வெளிவந்த 'இன் தி குரூவ்' தொகுப்பில் தனிமனிதர் பெயர் முன்னிற்கவில்லை. 'பிளானட் டிரம்' என்ற பெயர் மட்டுமே நின்றது.

ஒருவர் பெயர், ஒருவரும் குழுவும், நால்வர் பெயர், குழுவின் பெயர் என்று முப்பத்தோராண்டுகளில் நான்கு நிலைகள் கடந்தன. நேர்மை ஒரே நாளில் வந்துவிடவில்லை. மெல்ல மெல்ல வந்தது. ஆனால், அந்நால்வர் பட்டியலில் கடம் வாசித்தவர் பெயர் இல்லை என்பதையும் வரலாறு எழுதுவோர் மறைத்தல் ஆகாது. விநாயக்ராமின் கலைமரபு வேறு வழியில் தொடர்ந்தது. அவர்தம் மகன் செல்வகணேஷ் கஞ்சிரா வாசிப்பில் பெயர்பெற்று, தந்தை இருந்த சக்தி குழுவிலேயே இடம்பெற்றார். அக்குழுவின் 'திஸ் மோமென்ட்' தொகுப்பு 2024இல் உலக இசைக்கான கிராமி விருதைப் பெற்றது.

மிக்கி ஹார்ட் மேடையோடு நின்றுவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. 1991 ஆகஸ்டு முதல் நாள், அமெரிக்க மேலவையின் முதியோர் நலக்குழுவின் முன் தோன்றி, முழவிசை முதியோர்க்கு அளிக்கும் நன்மையைப் பற்றிச் சான்றுரைத்தார். பல நாட்டு இசைப்பதிவுகளைக் காக்கும் பணியிலும் அந்நாட்டுக் காங்கிரசு நூலகத்தோடு சேர்ந்து ஈடுபட்டார்.

முடிவுரை

2024ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஜாகிர் உசேன் சான்பிரான்சிஸ்கோவில் காலமானார். கல்லூரி மாணவர்களைக் கூட்டித் தாளவாத்தியக் குழு அமைத்த இளைஞர், அதிலிருந்து கிளைத்த குழுவில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து இசைத்தார். இக்குழுவின் வரலாற்றில் ஹார்ட்டின் பெயர் முன்னே ஒலித்தாலும், அதன் தாளத்தை அளந்து கொடுத்தவர்கள் அல்லா ரக்காவும் அவர் மைந்தருமே.

இவ்வரலாற்றிலிருந்து தமிழ் மாணவர் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. புகழ்பெற்ற குழுவில் இடம்பெற்ற ஒருவர், தமக்குத் தெரியாத ஒன்றைக் கண்டவுடன் மாணவரானார். அவர் கற்க விரும்பியது நம் நாட்டில் பல நூற்றாண்டுகளாகப் பயிலப்பட்டுவரும் தாளக்கணக்கு. அதனை அவர் தேடிப் பெற்றார். நாமோ தனியாவர்த்தனம் தொடங்கும்போது எழுந்து செல்கிறோம். பக்கத்தில் இருப்பதனால் பக்கவாத்தியம் எனப்பட்டதேயன்றி, தகுதியில் குறைந்ததனால் அன்று. அடுத்த கச்சேரியில் மிருதங்கமும் கடமும் தம்முள் உரையாடத் தொடங்கும்போது, விரலால் தாளம் எண்ணியவாறு இருக்கையில் அமர்ந்திருப்போமாக. அவ்வுரையாடல் நம் மொழியிலேயே நிகழ்வது.